மாநாடு நம் ஊரில்: புதிதாகப் பொறுப்பேற்ற சென்டர் நிர்வாகிகளுக்கு

நம் ஆர்க்கிடெக்ட்கள் சங்கமான இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆர்க்கிடெக்ட்ஸின் சென்டரில், அதாவது ஊர்க் கிளையில், தேர்தல் முடிந்ததும் சால்வை போடுவார்கள். போட்டோ எடுப்பார்கள். வாட்ஸ்அப்பில் நூற்றி இருபது கைகூப்பிய படங்கள் வரும். அடுத்த மாதமே சாப்டர் என்னும் மாநிலக் கிளையிலிருந்து ஒரு போன்: "இந்த வருஷ மாநில மாநாட்டை உங்க சென்டர்ல வெச்சுக்கலாமா சார்?" போட்டோவின் சூடு ஆறாத நேரம். சரி என்று சொல்லிவிடுவோம். நானும் அப்படித்தான் சொன்னேன். தென்மாவட்டத்து சென்டர் ஒன்றில் ஒருமுறை செகரட்டரி, ஒருமுறை ட்ரஷரர் என்று இருந்தவன். மாநாடு நடத்தத் தெரிந்துகொண்டதெல்லாம் தப்பு செய்துதான். அந்தத் தப்புகளையாவது நீங்கள் திரும்பச் செய்ய வேண்டாமே என்று எழுதுகிறேன்.

ஒரு ஆளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தென்காசியில் தனியாக ஆபீஸ் வைத்திருக்கும் ஆர்க்கிடெக்ட். பேருக்கு ஆபீஸ், ஒரு டிராஃப்ட்ஸ்மேன், ஒரு பிரிண்டர், டைல்ஸ் கடைக்கு மேல் மாடி. மாநாட்டுக்கு வர அவர் இரண்டு நாள் ஷட்டரை இறக்க வேண்டும், மதுரைக்கு நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும். நாளைப் பிடிப்பது முதல் சாப்பாட்டுக் கணக்கு வரை எந்த முடிவு எடுத்தாலும் "இதற்குத் தென்காசிக்காரர் வருவாரா?" என்று கேளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அவர் வந்துகொண்டே இருப்பார்.

எந்த நாற்காலி, எவ்வளவு அதிகாரம்

புதியவர்கள் பலர் கவுன்சிலையும் சங்கத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் என்பது 1972 ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி அமைந்த அரசு அமைப்பு. பதிவு எண் தருவது, கல்லூரிகளின் தரம் பார்ப்பது, தொழில் ஒழுக்க விதிகளை மீறியவர்கள் மேல் நடவடிக்கை எடுப்பது அதன் வேலை. இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆர்க்கிடெக்ட்ஸ் நாமாக விரும்பிச் சேரும் சங்கம். 1917 மே 12 அன்று பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியின் பழைய மாணவர்கள் கூடித் தொடங்கியது. கேட்வே ஆஃப் இந்தியாவை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட் முதல் தலைவர். இன்றைய பெயர் வந்தது 1929 இல். சட்டப்படி கவுன்சிலில் நம் சங்கத்து உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஐந்து பேருக்கு இடம் உண்டு. சங்கத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள நேரடிக் கயிறு அது ஒன்றுதான்.

ஆகவே, "என் பக்கத்து ஊரில் ஒருவர் பதிவே இல்லாமல் ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்டியிருக்கிறார், சேர்மன் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று யாராவது கேட்டால், உங்களால் ஆவது புகாரைச் சரியாக எழுத உதவுவதும் கவுன்சிலுக்கு அனுப்ப வைப்பதும்தான். வேறு அதிகாரம் இருப்பதுபோல மேடையில் பேசிவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆள் அதே கேள்வியோடு வருவார்.

நிர்வாக அடுக்கு எளிது: மும்பையில் தலைமையகம், மாநிலத்துக்கு சாப்டர், ஊருக்கு சென்டர். மாநில மாநாடு என்றால் பெயர் சாப்டருடையது, உழைப்பு உங்கள் சென்டருடையது. பணம் யார் கணக்கில் வரும், மிச்சம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்ற மூன்றையும் முதல் வாரமே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாயால் பேசியது மிச்சம் வந்தால் மறந்துபோகும், நஷ்டம் வந்தால் எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

முதல் மூன்று மாதம்: உறுப்பினர் பட்டியல்

பொறுப்பேற்றதும் மாநாட்டைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். பட்டியலை எடுங்கள். முந்தைய செகரட்டரி தரும் எக்ஸெல் தாளில் பாதி போன் எண்கள் செத்திருக்கும், சிலர் சென்னைக்கே போயிருப்பார்கள், ஓரிருவர் காலமாகியிருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் நீங்களே போன் போடுங்கள். வாட்ஸ்அப் செய்தி கணக்கில் வராது. ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்றால் ஒரு மாதத்தில் முடியும்.

போனில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "உங்க ஊர்ல இப்ப என்ன தலைவலி?" நான் கேட்டபோது பத்தில் ஏழு பேர் சொன்ன பதில் பிளான் அப்ரூவல். மற்றவர்கள் சம்பளம், ஆள் கிடைக்காதது, வேலை முடிந்தும் ஃபீஸ் தராத கட்சிக்காரர் (நம்மிடம் வேலை கொடுத்தவர்). ஒருவர்கூட "உலகத் தரமான பேச்சாளரைக் கேட்க முடியவில்லை" என்று சொல்லவில்லை. கமிட்டிக் கூட்டத்தில் கருப்பொருள் பேச உட்காரும்போது அந்தத் தாள் மேஜை மேல் இருக்கட்டும்.

மாதாந்தரக் கூட்டத்தை எல்லா மாதமும் தலைமை ஊரிலேயே வைக்காதீர்கள். மூன்றில் ஒன்றை வெளியூரில் வையுங்கள்: ராமநாதபுரம், தேனி, சிவகங்கை, அந்தந்த ஊர் உறுப்பினர் கட்டி முடித்த வீட்டிலேயே. எட்டுப் பேர்தான் வருவார்கள். அந்த எட்டுப் பேர் மாநாட்டுக்கு வரும்போது இன்னும் நாலு பேரைக் கூட்டிவருவார்கள். செயற்குழுக் கூட்டத்தில் எடுத்த தீர்மானத்தை அன்றிரவே எழுதி அனுப்புங்கள். ரெண்டு வாரம் விட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தீர்மானம் ஞாபகம் இருக்கும்.

ஒன்பது மாதம் முன்பு: நாள் பார்ப்பது

நல்ல நாள் பார்ப்பதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் மாநாட்டுக்குக் கெட்ட நாள் எது என்று பார்க்கத்தான் ஆள் கிடையாது.

முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காது, ஓட்டல் அறை இரட்டை விலை, நல்ல சமையல்காரர் எல்லாம் புக் ஆகியிருப்பார். நாட்காட்டியில் வளர்பிறை முகூர்த்தங்களை முதலில் அடித்துவிடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, மண்டபங்கள் காற்று வாங்கும், பேரம் பேசலாம். மார்கழியில் சென்னையென்றால் கச்சேரி சீசன், நல்ல அரங்கு ஒன்றும் காலியாக இருக்காது. மற்ற ஊர்களில் அந்தத் தொல்லை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கடலோர ஊர்களில் மழையோடு சூதாட வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்ததும் நம் கண்முன் நடந்தவை. மதுரையில் சித்திரைத் திருவிழா வாரத்தில் மாநாடு வைத்தால் டெலிகேட் எல்லோரும் அழகரைப் பார்க்கப் போய்விடுவார்கள். அது நியாயமும்கூட. மார்ச் கடைசியில் கணக்கு முடிக்கும் அவசரம். கல்லூரிகளில் தீசிஸ் ஜூரி, அதாவது மாணவர்களின் இறுதித் திட்ட மதிப்பீடு, நடக்கும் வாரங்களில் பேராசிரியரும் வரமாட்டார், தன்னார்வ மாணவரும் வரமாட்டார். பக்கத்துக் கல்லூரியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு அடித்த பிறகு எனக்கு எப்போதும் மிஞ்சுவது ஆடியில் ஒரு வாரக் கடைசி, தை பிறப்பதற்கு முன் ஒரு வாரக் கடைசி.

இனி, சனி ஞாயிறா, வெள்ளி சனியா? சென்னையில் உட்கார்ந்து முடிவெடுப்பவர்கள் வெள்ளி சனி என்பார்கள். தென்காசிக்காரர் சனிக்கிழமை வரமுடியாது. நம் பக்கம் கொத்தனார், சித்தாளுக்கு வாரக்கூலி பட்டுவாடா சனிக்கிழமை சாயந்திரம். சிறிய ஊரில் டிசைனோடு கட்டுமானத்தையும் எடுத்துச் செய்பவர் அந்த நேரத்தில் சைட்டில் இல்லாவிட்டால் திங்கள்கிழமை சைட்டில் ஆள் இருக்காது. நாங்கள் கண்டுபிடித்த வழி: முக்கிய அமர்வு எல்லாம் ஞாயிறு. சனிக்கிழமை நிர்வாகக் கூட்டங்கள், ஸ்டால் திறப்பு, மரபுக் கட்டட நடை. வேலைக்கூலி கொடுத்துவிட்டு ராத்திரி பஸ் ஏறுபவருக்கு ஞாயிறு காலை ஒன்றும் தப்பிப்போகாது. இதைச் செய்த வருடம்தான் சிறு ஊர்களிலிருந்து முதன்முறையாக ஒரு கூட்டமே வந்தது.

இடம்

ஐந்து நட்சத்திர ஓட்டல் வேண்டுமா என்பது கமிட்டியில் ஒரு மணி நேரத்தைத் தின்னும் விவாதம். என் கருத்து: வேண்டாம். கல்லூரி அரங்கோ ஏசி மண்டபமோ போதும், ஆனால் மூன்றை நேரில் போய்ப் பாருங்கள். ஒன்று, பகல் பன்னிரண்டு மணிக்குத் திரை தெரிகிறதா? அரங்கைச் சாயந்திரம் காட்டுவார்கள். பகலில் மேல் ஜன்னல் வெளிச்சத்தில் படம் வெளுத்துப்போகும். ஆர்க்கிடெக்ட்கள் கூட்டத்தில் படம் வெளுத்தால் பேச்சே வெளுத்த மாதிரி. ரெண்டு, ஜெனரேட்டர் ஏசியையும் தாங்குமா, விளக்கை மட்டுமா? மூன்று, பெண்கள் கழிவறை எத்தனை, எங்கே? வடிவமைக்கும் தொழிலில் இருக்கும் நாமே இதைக் கடைசியில் பார்க்கிறோம் என்பது வெட்கக்கேடு.

பட்ஜெட்: பில் ஆஃப் குவான்டிடீஸ் போடத் தெரிந்தவர்கள்தானே நாம்

கட்சிக்காரருக்கு ஆணி எண்ணிக்கை வரை கணக்குப் போட்டுத் தருகிறோம். மாநாட்டு பட்ஜெட்டை மட்டும் டீக்கடை பில் பின்னால் போடுகிறோம். ஒரு மாதிரிக் கணக்கை இங்கே வைக்கிறேன். எண்கள் உங்கள் ஊரில் மாறும். போடும் முறை மாறாது.

செலவை ரெண்டாகப் பிரியுங்கள். ஆள் எத்தனை வந்தாலும் மாறாதது ஒன்று: அரங்கு 1,50,000, ஒலி ஒளி திரை 1,20,000, ஆறு பேச்சாளருக்குப் பயணமும் தங்கலும் 1,80,000, மேடை, அச்சு, வீடியோ 80,000, வண்டி, தன்னார்வலர் 40,000. கூட்டினால் 5,70,000. பத்து சதவீதம் எதிர்பாராதது சேர்த்தால் 6,27,000. இன்னொன்று ஆளுக்கு ஆள் கூடுவது: ரெண்டு மதியச் சாப்பாடு 700, ஒரு இரவு விருந்து 600, நாலு டீ 160, பை, அட்டை, தாள் எல்லாம் 340. ஆக ஒருவருக்கு 1,800.

கட்டணம் 2,500 வைத்து 200 பேர் வந்தால் செலவு 9,87,000, வரவு 5,00,000. துண்டு விழுவது 4,87,000. இதை ஸ்பான்சரிடம் திரட்ட வேண்டும். 150 பேர்தான் வந்தார்கள் என்று வையுங்கள். செலவு 8,97,000, வரவு 3,75,000, துண்டு 5,22,000. ஐம்பது பேர் குறைந்ததில் துண்டு கூடியது 35,000 மட்டுமே. கூட்டம் வருமா என்று ராத்திரி தூங்காமல் கிடப்பதை விட, வருவேன் என்று சொன்ன பெரிய ஸ்பான்சர் பணத்தைப் போட்டாரா என்று பார்ப்பதுதான் ட்ரஷரருக்கு அழகு.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. படிப்பு முடித்து ஐந்து வருடத்துக்குள் இருக்கும் நாற்பது பேருக்கு 1,500 ரூபாய்க் கட்டணம் வைத்தால், ஒருவருக்கு நம் கையிலிருந்து போவது 300. நாற்பது பேருக்கு 12,000. முழுக் கட்டணம் வாங்கினால் கூடுதலாக வருமே என்று ஒருவர் கணக்குச் சொல்வார். முழுக் கட்டணத்துக்கு அந்தப் பிள்ளைகள் வரப்போவதே இல்லை. மேடையில் இருபது பேருக்குச் சால்வையும் நினைவுப் பரிசும் ஆளுக்கு ஆயிரம் என்றால் 20,000. எதை வெட்டி எதைக் கொடுப்பது என்று கமிட்டியில் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த வருடம் சால்வைக்குப் பதில் கதர்த் துண்டு போட்டோம்.

பணம் வாங்குவதில் நான் செய்த முட்டாள்தனம்: அவசரத்துக்கு என் சொந்த எண்ணின் க்யூஆர் கோடை அனுப்பிவிட்டேன், "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று. நாற்பத்திரண்டு பேர் போட்டார்கள். என் வீட்டுக் கரண்ட் பில்லும் மளிகைக் கடையும் மாநாட்டுக் கட்டணமும் ஒரே ஸ்டேட்மென்டில். ஆடிட்டர் முன்னால் ஒவ்வொரு வரியாக விளக்க மூன்று மாதம் ஆனது. சங்கத்தின் வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து, மாநாட்டுக்குத் தனி லெட்ஜர்; இது தயாராகாமல் ரிஜிஸ்ட்ரேஷன் திறக்க வேண்டாம். ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சாப்டர் பதிவு எண்ணில் பில் போடுவதா, ஸ்பான்சர் தொகைக்கு வரியை யார் கட்டுவது, யாருக்கு டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிப்பது என்பதையெல்லாம் ஆரம்பத்திலேயே ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

ஸ்பான்சர்

சிமென்ட், பெயின்ட், டைல்ஸ், பிளைவுட், லிஃப்ட், அலுமினிய ஜன்னல், சானிட்டரி. நம்மை நம்பி விற்பவர்கள், நம் மாநாட்டுக்குப் பணம் தருவதில் தப்பில்லை. ஆனால் கோடு எங்கே என்று நிர்வாகிக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1989 ஆம் ஆண்டின் தொழில் ஒழுக்க விதிமுறைகளில், கட்சிக்காரரையோ வேலையையோ அறிமுகப்படுத்துவதற்காகக் கமிஷன், தள்ளுபடி, பரிசு எதையும் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று இருக்கிறது. "எங்க பொருளை இத்தனை சைட்ல போட்டவங்களுக்கு மேடையில தங்கக் காசு" என்று ஒரு டீலர் ஆசையாகக் கேட்பார். சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

தருவதை எழுதித் தாருங்கள்: இத்தனை அடி ஸ்டால், பேனரில் இந்த இடம், மேடையில் ஐந்து நிமிடம். ஐந்தும் முடிந்தால் மைக் நிற்கும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ஸ்டால்களை டீ மேஜைக்குப் போகும் வழியில் வையுங்கள். பின்கட்டில் வைத்துவிட்டு, ஆள் வரவில்லை என்று அவர் முகம் சுளித்தால் அடுத்த வருடம் போனை எடுக்கமாட்டார். பணம் முழுக்க மாநாட்டுக்கு முந்தைய வாரமே கணக்கில் ஏறிவிட வேண்டும். "முடிஞ்சதும் தந்துடறேன் சார்" என்றவரிடம் நான் தீபாவளி, பொங்கல், அடுத்த தீபாவளி என்று மூன்று பண்டிகை வாழ்த்து சொன்னேன்.

இரவு விருந்தை மது விருந்தாக மாற்றித் தருகிறேன் என்று வரும் சலுகையை நான் ஏற்பதில்லை. ஒழுக்கம் பேசுவதாக நினைக்காதீர்கள். பெண் உறுப்பினர்களும் மாணவர்களும் எட்டரைக்கே கிளம்பிவிடுகிறார்கள். பெரிய ஆபீஸ்காரரோடு நின்று பேச அவர்களுக்கு அந்த ஒரு ராத்திரிதான் வாய்க்கும்.

ஆறு மாதம் முன்பு: என்ன பேசப் போகிறோம்

கருப்பொருளில் "நேற்று, இன்று, நாளை" என்று வந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். எல்லாவற்றையும் பேசலாம் என்றால் பேச்சாளர் தன் பழைய ஸ்லைடையே கொண்டுவருவார். ஒரு கேள்வியாகப் போடுங்கள். எங்கள் போன் தாளிலிருந்து வந்தது: "2019 விதிகளை வைத்துக்கொண்டு சின்ன மனையில் நல்ல வீடு கட்ட முடியுமா?" தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 நம் ஒவ்வொருவர் மேஜையிலும் இருப்பது. 2024 ஜூலையில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு, விண்ணப்பிப்பவரே சான்றளித்து அனுமதி பெறும் சுயசான்று முறையும் வந்த பிறகு கட்சிக்காரர்கள் நம்மைக் கேட்கும் கேள்வியே மாறிவிட்டது.

அரசு அதிகாரியை மேடைக்கு அழைப்பது எளிது, பயனுள்ளதாக்குவதுதான் பாடு. "வாழ்த்துரை" என்று போட்டால் வாழ்த்திவிட்டுப் போவார். உறுப்பினர்களிடமிருந்து முப்பது கேள்வி வாங்கி, பத்தாகச் சுருக்கி, வரைபடத்தோடு ரெண்டு வாரம் முன்பே அனுப்புங்கள். மூலை மனையில் செட்பேக் (எல்லையிலிருந்து விட வேண்டிய இடம்) எந்தப் பக்கம் என்ற மாதிரி நறுக்கான கேள்விகள். எங்களிடம் வந்த அதிகாரி பத்துக்கும் பதிலை எழுதியே கொண்டுவந்தார். அந்த அமர்வின் தாளை இன்றும் சிலர் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

பேச்சாளர் ஆறு பேரில் ரெண்டு பேர் பெயருக்காகக் கூட்டம் வரும் ஆட்களாக இருக்கட்டும். ரெண்டு பேர் நம் சென்டர் எல்லைக்குள் வேலை செய்பவர்கள். மீதி ரெண்டு நாற்காலியில் நம் ஆட்கள் அல்லாதவர்களை உட்காரவைப்பது எனக்குப் பிடிக்கும்: சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த செட்டிநாட்டுக் கொத்தனார், ஒரு ஸ்தபதி, கட்டட வழக்குகள் பார்க்கும் வக்கீல். கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை எழுப்பிய கணபதி ஸ்தபதி பிறந்த மாநிலத்தில், மரபுக் கட்டடக்கலை அமர்வுக்கு ஸ்தபதி ஒருவரையும் கூப்பிடாமல் வெளியூர்ப் பேராசிரியர் நாலு பேரை உட்காரவைப்பது வேடிக்கை. கொத்தனாருக்கு ஸ்லைடு போடத் தெரியாது. ஒரு மாணவரை அவரோடு ரெண்டு நாள் அனுப்பிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மேடையில் கேள்வி பதிலாக வையுங்கள். மற்ற பேச்சாளருக்குத் தரும் அதே மதிப்பூதியம், அதே ஓட்டல் அறை அவருக்கும்.

அழைப்புக் கடிதத்தில் 35 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் கேள்வி, ஸ்லைடு அளவு, பயணச் செலவு யார், மதிப்பூதியம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கோப்பு வரவேண்டும் என்று எல்லாம் இருக்கட்டும். பெரியவர்களிடம் பணம் பேசக் கூச்சப்பட்டு விட்டுவிட்டு, விமான டிக்கெட்டில் தகராறு வருவதை நிறையப் பார்த்தாயிற்று.

ஒரு ஒத்திகை

அக்டோபர் முதல் திங்கட்கிழமை உலகக் கட்டடக்கலை தினம்; உலக ஆர்க்கிடெக்ட்கள் ஒன்றியம் குறித்த நாள். அன்று சாயந்திரம் அறுபது பேருக்கு ஒரு சின்னக் கூட்டம் வையுங்கள். மாநாட்டுக்குப் பேசி வைத்திருக்கும் அதே சவுண்ட்காரர், அதே சமையல்காரர், அதே மாணவர் குழு. மைக் கரகரப்பதும், காபி ஆறிப்போவதும், வரவேற்பில் யாரும் இல்லாததும் அறுபது பேர் முன்னால் நடந்தால் பரவாயில்லை.

மாநாட்டு நாள்

ரிஜிஸ்ட்ரேஷன் மேஜையில்தான் முதல் சண்டை. அகர வரிசைப்படி அட்டைகளை அடுக்கியிருப்பார்கள், ஆனால் எஸ். குமார் என்பவர் 'எஸ்'ஸில் இருக்கிறாரா 'கு'வில் இருக்கிறாரா? நம் இனிஷியல் முறை இருக்கும் வரை இந்தச் சிக்கல் தீராது. நாங்கள் போன் எண்ணின் கடைசி இலக்கப்படி பத்துப் பெட்டி வைத்தோம். "கடைசி நம்பர் என்னங்க சார்?" "ஏழு." ஏழாம் பெட்டி, அட்டை, பை, நகருங்கள். இருநூறு பேர் முக்கால் மணி நேரத்தில் உள்ளே போனார்கள். அட்டையில் பெயர் பெரிதாக, தமிழில். அதற்குக் கீழே ஊர். பதவியும் பட்டமும் வேண்டாம். "தென்காசியா? எங்க மாமனார் ஊரு சார்" என்று பேச்சு தொடங்க அந்த ஊர்ப்பெயர் போதும்.

தொடக்க விழாதான் நம் மாநாடுகளின் தீராத வியாதி. நான் முதலில் நடத்தியதில் பத்து மணிக்குத் தொடங்க வேண்டியது பதினொன்றேகாலுக்குத் தொடங்கியது, தலைமை விருந்தினர் வரும்வரை காத்திருந்து. குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பதினெட்டு பேருக்குச் சால்வை, ஒவ்வொருவருக்கும் போட்டோ, மலர் வெளியீடு, ஆறு வாழ்த்துரை. அகமதாபாத்திலிருந்து வந்த முக்கியப் பேச்சாளர் மைக்கைப் பிடித்தபோது ஒன்றேகால். பின்கதவு வழியாகச் சாம்பார் மணம் வந்துகொண்டிருந்தது. அவர் நூற்றி நாற்பது ஸ்லைடில் இருபதைக் காட்டிவிட்டு, சிரித்துவிட்டு இறங்கினார். அந்த முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு வரிசையை மாற்றினோம். காலை ஒன்பதரைக்கு நேரடியாக முதல் அமர்வு. தொடக்க விழா பதினொன்றரைக்கு, நாற்பது நிமிடம். தலைமை விருந்தினர் தாமதமானால் அமர்வு தொடரும், வந்தால் விழா. வாழ்த்துரை இரண்டு. முன்னாள் தலைவர்களை மேடையில் வரிசையாக உட்காரவைக்காமல் முன்வரிசையில் உட்காரவைத்து, பெயர் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னோம். ஒரு மூத்தவருக்கு வருத்தம்தான். முந்தின வாரமே வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்; நாற்காலி போனதைவிட, சொல்லாமல் எடுத்ததுதான் அவருக்கு உறைத்தது.

மேடைக்குக் கீழே ஒரு மாணவி பெரிய அட்டையோடு உட்காரட்டும்: ஒரு பக்கம் '5', மறுபக்கம் '0'. நேரம் காப்பதை அந்தந்த அமர்வுத் தலைவரிடம் விட்டால் மரியாதை குறுக்கே வரும், இருபது வயதுப் பெண் காட்டும் அட்டைக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டே நிறுத்துகிறார்கள். பேச்சாளரின் லேப்டாப்பை மேடைக்கு ஏற்றாதீர்கள். முந்தின இரவே எல்லாக் கோப்பும் ஒரே கம்ப்யூட்டரில், அதே கோப்புகள் இன்னொரு கம்ப்யூட்டரில். எல்லா வகை இணைப்பு வயரும் ஒரு பையில், அந்தப் பை ஒரே ஒருவர் தோளில்.

சாப்பாட்டுக் கணக்கு. முதல் மாநாட்டில் இரவு விருந்துக்கு 300 இலை சொன்னேன். 190 பேர்தான் இருந்தார்கள். 300க்கும் பணம். வெளியூர்க்காரர்கள் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் போயிருந்தார்கள், உள்ளூர்க்காரர்கள் வீட்டுக்கு. இப்போதெல்லாம் பதிவானதில் 85 சதவீதத்துக்கு உறுதி சொல்கிறேன், அதற்கு மேல் பத்து சதவீதம் வரை வந்தால் சமாளிப்பேன் என்று சமையல்காரர் எழுதித் தருகிறார். மதியத்துக்கு 200 பேர் என்றால் இரண்டு கவுன்ட்டர், தயிர்சாதம் மட்டும் தனி மேஜையில். அதை எடுக்கத்தான் எல்லோரும் வரிசையின் கடைசியில் முட்டிக்கொள்கிறார்கள்.

மரபு நடைக்கு ஒரு குழுவில் இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம், பின்னால் நிற்பவருக்குக் காது கேட்காது. மதுரையென்றால் திருமலை நாயக்கர் மகாலை விட்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை என்பேன். 1636 இல் கட்டியது. பாழாய்க் கிடந்ததை 19 ஆம் நூற்றாண்டில் சீர்செய்தவர் ராபர்ட் சிஷோல்ம், சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸை வடிவமைத்தவர். தூண்களையும் சுதை வேலையையும் பார்த்துக்கொண்டே "எது நாயக்கர் காலம், எது சிஷோல்ம் கை?" என்று கேட்டுவிட்டால் ஆர்க்கிடெக்ட்கள் ஒன்றரை மணி நேரம் தங்களுக்குள் அடித்துக்கொள்வார்கள், வழிகாட்டிக்கு வேலையே இல்லை. முன் அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும்.

முடிந்த பிறகு

திங்கட்கிழமை தூங்குங்கள். செவ்வாய்க்கிழமை பில்களை எடுங்கள். முப்பது நாளுக்குள் எல்லாப் பாக்கியும் தீர்ந்து, ஆடிட்டர் கையெழுத்திட்ட வரவு செலவு உறுப்பினர்களுக்குப் போய்விட வேண்டும். பூஜ்யம் மிஞ்சினாலும் அனுப்புங்கள். கணக்கு தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் ஒரு வதந்தி.

பேச்சாளர்களுக்கு நன்றிக் கடிதமும் மதிப்பூதியமும் அந்த வாரமே. அதிகாரியின் பத்துப் பதிலையும் ஒழுங்காகத் தட்டச்சு செய்து, வந்தவர் வராதவர் எல்லோருக்கும் அனுப்புங்கள். பிறகு பழையபடி போன். ஆனால் இந்த முறை பதிவு செய்தும் வராதவர்களுக்கு மட்டும். ஏன் வரவில்லை என்று விசாரணைத் தொனியில் கேட்காமல், "அன்னைக்கு உங்களைத் தேடினோம்" என்று தொடங்குங்கள். பாதிப் பேர் உண்மையான காரணத்தைச் சொல்வார்கள். ஒருவர் என்னிடம், "ஓட்டல் லிஸ்ட்ல ரெண்டாயிரத்துக்குக் கீழ ஒண்ணும் இல்லையே சார்" என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எண்ணூறு ரூபாய்க்கு நல்ல லாட்ஜ் இருப்பது எங்களுக்குத் தெரியும். பட்டியலில் போட்டால் மாநாட்டின் தரம் குறையும் என்று விட்டிருந்தோம்.

கடைசியாக, கைமாற்றும் கோப்பு. ஒப்பந்தங்கள், மண்டபம் முதல் ஜெனரேட்டர்காரர் வரை போன் எண்கள், யார் சொன்னபடி செய்தார், யார் இழுத்தடித்தார் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வரி. திருத்திய உறுப்பினர் பட்டியல், லாட்ஜ் பட்டியல். இதோடு மூன்று எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், வயர்ப் பை, '5' '0' அட்டை, மிஞ்சிய கதர்த் துண்டுகள் பதினொன்று. எல்லாம் பீரோவில் வைத்து, சாவியை அடுத்த செகரட்டரியின் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் முந்தைய பீரோவின் சாவி எங்கே என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பூட்டை உடைத்துத்தான் திறந்தோம். உள்ளே இருந்தது பழைய மாநாட்டு மலர்கள், நானூறு பிரதி.